அழித்தது அழிந்ததா?

இரவல் வாங்கிய பொருளைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாளைய பழக்கம். அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பித் தரும் வழக்கம் நம் தெருக்களில் இல்லை. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தைத் திருப்பும் முன் ஏடுகளைப் புரட்டி, இடையில் வைத்த கடிதமோ ரசீதோ இருந்தால் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கல்வி நிலையம் தந்த மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் நம்மில் பலர் செய்வது என்ன? நாலைந்து கோப்புகளைத் தேர்ந்தெடுத்து 'டிலீட்' பொத்தானை அழுத்துகிறோம். குப்பைத்தொட்டியையும் காலி செய்கிறோம். 'நோ டியூஸ்' தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாதர் எக்ஸ்பிரஸுக்கு மூட்டை கட்டுகிறோம். அழித்தாகிவிட்டது என்று மனம் அமைதி அடைகிறது. அந்த அமைதிக்கு ஆதாரம் உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

டிராம்பேயில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட ஆரம்பகாலக் கணினிகளுள் ஒன்று இந்த ஊரின் பெயரைத் தாங்கியது. 1969-ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அக்கணினிக்கு 'டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர்' என்று பெயர், சுருக்கமாக டி.டி.சி.-12. பின்னர் ஹைதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் அந்த வரிசையை வளர்த்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1960-இல், கொலாபாவில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'டிஃப்ராக்' கணினி ஓடத் தொடங்கியிருந்தது. அவற்றின் நினைவகம் இன்றைய மாணவர் காணாத ஒரு விந்தை. கடுகைப் போன்ற சிறு சிறு ஃபெரைட் வளையங்களைக் கம்பியில் கோத்துப் பின்னிய வலை அது. ஒவ்வொரு வளையமும் காந்தம் ஏற்று வலமாகவோ இடமாகவோ நிற்கும். ஒன்று, பூஜ்யம் என்பன அவ்வளவே. டிஃப்ராக்கின் நினைவகத்தில் 40 பிட்டுகள் கொண்ட 2,048 சொற்கள் அடங்கின. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய பத்தாயிரம் பைட்டுகள். இன்று நம் கையில் உள்ள 512 ஜிகாபைட்டு மடிக்கணினி அதைப் போல் ஐந்து கோடி மடங்கு கொள்ளும்.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய சங்கதி வேறொன்று. அந்த வளைய நினைவகத்தில், எழுதியதை ஒருமுறை வாசித்தாலே அது அழிந்துபோகும். வளையம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று அறிவதற்கு, அதைப் பூஜ்யத்தின் பக்கம் தள்ளிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே கணினி வாசித்த ஒவ்வொன்றையும் உடனே திரும்ப எழுதி வைக்கும். அன்றைய பொறியாளருக்கு இருந்த கவலை, 'அழியாமல் காப்பது எப்படி?' என்பது. இன்று கவலை தலைகீழாகிவிட்டது. நாம் அழித்தோம் என்று எண்ணுவது அழிவதில்லை.

அது ஏன் என்று பார்ப்போம். பெரிய நூலகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாயிலில் அட்டைப் பெட்டி. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை. எந்த அலமாரி, எந்தத் தட்டு என்ற குறிப்பு அதில் இருக்கும். 'இந்த நூல் வேண்டாம்' என்று நூலகரிடம் சொல்கிறோம். அவர் அட்டையை மட்டும் எடுத்துக் கிழித்துவிட்டு, 'அந்தத் தட்டு காலி' என்று குறித்துக்கொள்கிறார். நூல் இருந்த இடத்திலேயே இருக்கிறது! அந்த இடத்துக்குப் புதிய நூல் ஒன்று வரும்வரை, அலமாரி அலமாரியாகத் தேடிப் பார்ப்பவன் எவனும் பழைய நூலை எடுத்துப் படிக்கலாம். கணினியின் 'டிலீட்' இதுதான். 'ஷிப்ட்' பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் நூலகர் அட்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவைக்காமல் நேரே கிழிக்கிறார், வேற்றுமை அவ்வளவே. விரைவு 'ஃபார்மேட்' என்பது அட்டைப் பெட்டி முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப்பெட்டி வைப்பது. முழு 'ஃபார்மேட்' மட்டும் வேறு வகை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அது வட்டு முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. அதற்கு நேரம் ஆகும். அதனாலேயே பெரும்பாலோர் விரைவு முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அலமாரி அலமாரியாகத் தேட யாருக்குப் பொழுது இருக்கிறது என்று கேட்கலாம். மனிதனுக்குப் பொழுதில்லை, அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தவறி அழித்த திருமணப் படங்களை மீட்பதற்கென்று அவை பிறந்தவை. நல்லவன் கையில் மீட்பு, மற்றவன் கையில் திருட்டு.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர் இருவர், சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாத் என்போர், இதைச் சோதித்துக் காட்டினார்கள். பழைய சாமான் சந்தையிலும் ஏலத்திலும் 158 வன்வட்டுகளை விலைக்கு வாங்கினார்கள். 129 வட்டுகள் ஓடின. அவற்றுள் சரியாகத் துடைக்கப்பட்டிருந்தவை எத்தனை தெரியுமா? பன்னிரண்டே பன்னிரண்டு. மற்றவற்றில் கடிதங்கள், மருத்துவக் குறிப்புகள், ஆயிரக்கணக்கான கடன் அட்டை எண்கள் எல்லாம் கிடந்தன. 2003-ஆம் ஆண்டில் அவர்கள் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மாணவர்கள், கையில் மிகுந்த பணமில்லாமல், பழைய சாமான் வாங்கிச் செய்த ஆராய்ச்சி என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு.

இன்னொரு சம்பவம் இங்கிலாந்தில் நடந்தது. பிரைட்டன் நகர மருத்துவமனை அறக்கட்டளை ஒன்று தன் பழைய வட்டுகளை அழிக்கும் பொறுப்பைப் பிறரிடம் விட்டிருந்தது. அவற்றில் சில இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. எச்.ஐ.வி. நோயாளிகளின் விவரங்கள் உட்பட எல்லாம் அவற்றில் இருந்தன. வெளியானது எப்படி? வட்டுகளை வாங்கியவர் ஒரு மாணவர். அவர் படித்த பல்கலைக்கழகம் தகவல் கொடுத்தது. 2012-இல் அந்நாட்டுத் தகவல் ஆணையர் விதித்த அபராதம் 3,25,000 பவுண்டு. அபராதத்தைக் கட்டிவிடலாம். நோயாளியின் பெயர் வெளியே போனது போனதுதான்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். மடிக்கணினியில் இருக்கும் 'சொந்த விவரம்' என்றால் யாருடைய சொந்தம்? நம்முடைய புகைப்படம், நம்முடைய வங்கிக் கணக்கு, நம்முடைய காதல் கடிதம் என்று மட்டும் எண்ணுகிறோம். அவை வெளிப்பட்டால் வெட்கமும் நட்டமும் நமக்கு. அது நம் பாடு. ஆனால் இப்பகுதியில் படிக்கும் மாணவர்களுடைய கணினிகளில் வேறு மக்களும் குடியிருக்கிறார்கள்.

தேவனாரில் டாடா சமூக அறிவியல் கழகமும், மக்கள்தொகை ஆராய்ச்சிக்கான பன்னாட்டு நிறுவனமும் இருக்கின்றன. அணுசக்தி நகரில் ஹோமி பாபா தேசிய நிறுவனம் இருக்கிறது. சமூகப் பணி படிக்கும் மாணவர் மான்கூர்ட், கோவண்டி, சீத்தா கேம்ப் என்று களப்பணிக்குப் போகிறார். பெயர், வயது, குடும்பம், நோய், கடன், கணவன் அடித்த கதை, மகன் சிறைக்குப் போன கதை ஆகியவற்றை எல்லாம் எழுதிக்கொள்கிறார். சில வேளை ஒலிப்பதிவும் செய்கிறார். பேசியவர்கள் அந்த மாணவரை நம்பிப் பேசினார்கள். 'பெயர் வெளியே வராது தம்பி, இல்லையா?' என்று கேட்டுக்கொண்டே பேசினார்கள். ஆய்வேட்டில் பெயரை மாற்றிவிடுகிறோம். மூலக்குறிப்போ கணினியின் ஒரு மூலையில் அசல் பெயரோடு கிடக்கிறது.

சீத்தா கேம்ப் தமிழர் நிறைந்த குடியிருப்பு என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். அது உண்டான வரலாறு பலருக்குத் தெரியாது. இன்றைய அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகே ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதி இருந்தது. 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில், நெருக்கடி நிலைக் காலத்தில், அது இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களுக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர். 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றவர். குடிசைவாசிகள் தம்மைத் தாமே கணக்கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வளர்த்த இயக்கத்தின் முக்கியக் கொள்கைகளுள் ஒன்று. யார் எத்தனை ஆண்டாக எந்த வீட்டில் இருக்கிறார் என்ற பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் அதிகாரம் இருக்கிறது என்பதை அவர்கள் பட்டு அறிந்தவர்கள். மகாராஷ்டிரத்தில் குடிசை மாற்றுத் திட்டத்தில் இலவச வீடு பெற, 2000 ஜனவரி 1-க்கு முன் அங்கு வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் என்று ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் வைத்திருப்பதைக் களப்பணிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தத் தாள்களை 'உதவிக்காக' நம் கைப்பேசியில் படம் எடுத்துக் கணினியில் சேமித்து வைக்கிறோம். வேண்டாதவன் கையில் அது சிக்கினால் விளைவது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பரணில் காத்ததை நாம் பழைய வட்டில் விட்டுவிட்டுப் போகலாமா?

சட்டமும் இப்பக்கம் திரும்பியிருக்கிறது. 2017 ஆகஸ்டு 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பெற்ற காரியம் முடிந்தபின் விவரத்தை அழித்துவிட வேண்டும் என்பது அச்சட்டத்தின் கூறுகளுள் ஒன்று. ஆராய்ச்சிக்குச் சில விலக்குகள் உண்டு. விலக்கு உண்டு என்பதற்காக அஜாக்கிரதைக்கு இடம் உண்டு என்று கொள்ளலாகாது.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதல் வேலை அழிப்பதன்று. அழிக்கக் கூடாதது எது என்று பிரிப்பது. நம் முன்னோர் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட ஏட்டுச் சுவடிகளுள் எத்தனை நூல்கள் போயின என்று யார் சொல்ல முடியும்? பழையது, செல்லரித்தது, தேவையற்றது என்று எண்ணித்தான் விட்டார்கள். ஆய்வு மாணவர் தம் கணினியை ஒரே மூச்சில் துடைத்தால், பேராசிரியருக்கு உரிய அளவீடுகள், நிலையத்தின் பணத்தில் எழுதிய நிரல்கள், அடுத்த மாணவருக்கு வேண்டிய குறிப்பேடு எல்லாம் சேர்ந்து போகும். நிலையத்தின் பொருளை அழிப்பது குற்றமாகவும் முடியலாம். ஆகவே ஆராய்ச்சித் தரவை வழிகாட்டியிடம் முறைப்படி ஒப்படைத்து, பெற்றுக்கொண்டேன் என்று ஒரு மின்னஞ்சல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் எடுத்து வைத்து, வேறொரு கணினியில் அவை திறக்கின்றனவா என்று பாருங்கள். படியெடுத்தேன் என்று நம்பி மூலத்தை அழித்துவிட்டுத் தலையில் கைவைத்தவர் எல்லா விடுதியிலும் உண்டு. இதற்குப் பின்தான் கணினிப் பிரிவுக்குச் சென்று, 'நான் துடைத்துத் தரலாமா, நீங்களே துடைப்பீர்களா?' என்று கேட்க வேண்டும். பாதுகாப்பு மிகுந்த நிலையங்களில் இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் ஒன்றே: தொடாதே, எங்களிடம் கொடு. அவ்விடங்களில் அவர்கள் சொற்படி நடப்பதே முறை.

உங்கள் கணினியின் உள்ளே இருப்பது சுழலும் வன்வட்டா, எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டா என்று அறிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் அழிக்கும் முறை வேறு. வேற்றுமைக்குக் காரணம் பௌதிகத்தில் இருக்கிறது.

சுழலும் வட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் நிலையான முகவரி உண்டு. அந்த முகவரியில் பூஜ்யத்தை எழுதினால் பழையது மறைகிறது. முப்பத்தைந்து முறை மேலெழுத வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இன்னும் நடமாடுகிறது. 1996-இல் பீட்டர் குட்மன் என்ற அறிஞர், அக்காலத்தில் புழங்கிய பலவகை வட்டுகளுக்கும் சேர்த்துத் தொகுத்த முறை அது. இன்றைய அடர்த்தியான வட்டுக்கு ஒருமுறை முழுவதும் மேலெழுதுவது போதும் என்பது அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தின் வழிகாட்டியிலும் ஏற்கப்பட்ட கருத்து. முப்பத்தைந்து முறை எழுதுபவர் மின்சாரத்தையும் இரண்டு மூன்று நாட்களையும் செலவழிப்பதைத் தவிர வேறு பலன் காணமாட்டார்.

திண்மநிலை வட்டின் கதை சுவையானது. சிலேட்டில் எழுதிப் பழகியவர்களுக்கு இதைச் சொன்னால் எளிதில் விளங்கும். இந்தச் சிலேட்டில் ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது. அழித்தால் ஒரு பெரிய கட்டம் முழுவதையும் அழிக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு கட்டத்தையும் இத்தனை முறைதான் அழிக்கலாம் என்று ஆயுள் உண்டு, மீறினால் தேய்ந்துவிடும். ஆகவே உள்ளே ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவி காவலனைப் போல உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கட்டமும் அதிகம் தேயாதபடி, 'இதே இடத்தில் எழுது' என்று நாம் சொன்னாலும் அது வேறு இடத்தில் எழுதிவிட்டு, முகவரிப் பட்டியலை மட்டும் மாற்றிவைக்கும். பழைய எழுத்து பழைய இடத்திலேயே சில காலம் கிடக்கும். போதாக்குறைக்கு, நம் கண்ணுக்குத் தெரியாத உபரி இடமும் வட்டுக்குள் உண்டு. ஆகவே ஒரு கோப்பின்மேல் மேலெழுதி அழிக்கும் மென்பொருள்கள் இங்கே ஏமாறுகின்றன. 2011-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தார் இதைச் சோதித்தபோது, தனிக்கோப்பை மேலெழுதி அழிக்கும் எல்லா முறைகளும் தோற்றன. கோப்பின் நூற்றுக்கு 4 முதல் 75 பங்கு வரை மிஞ்சியிருந்தது. வட்டுக்குள்ளேயே அமைந்த அழிப்புக் கட்டளையையும் சோதித்தார்கள். ஒரு வட்டு, 'வெற்றிகரமாக அழித்துவிட்டேன்' என்று அறிவித்தது. திறந்து பார்த்தால் ஒன்றுமே அழியவில்லை! பொய் சொல்லும் ஜடப்பொருளை அவர்கள் அன்று கண்டார்கள். அதன்பின் தயாரிப்பாளர்கள் பெரிதும் திருந்தியிருக்கிறார்கள். 'டிரிம்' என்ற ஏற்பாட்டினால் அழித்த கோப்பு இருந்த இடத்தை வட்டு தானே பின்னர் காலி செய்கிறது. ஆயினும் எப்பொழுது செய்கிறது என்பதை நாம் அறிய முடியாது.

இதற்கெல்லாம் ஒரு நேர்த்தியான தீர்வு உண்டு. அது அழிப்பதிலிருந்து தொடங்காமல் எழுதுவதிலிருந்து தொடங்குகிறது. வட்டில் எழுதும் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சங்கேத எழுத்தில் எழுதிவைப்பது. விண்டோஸில் 'பிட்லாக்கர்', ஆப்பிளில் 'ஃபைல்வால்ட்', லினக்ஸில் 'லக்ஸ்' என்று அதற்குப் பெயர்கள். பூட்டின் சாவியைச் சிறிய ஓரிடத்தில் வைத்திருப்பார்கள். துடைக்க வேண்டிய நாளில் சாவியை அழித்தால் போதும். 512 ஜிகாபைட்டும் பொருளற்ற இரைச்சலாகிவிடும். எந்தக் கட்டத்தில் எது மிஞ்சியது என்ற கவலையே இல்லை. ஆதலின் புதுக்கணினியைக் கையில் வாங்கும் நாளே அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு ஆயத்தம் செய்யும் நாள். படிப்பின் நடுவில் இருப்பவர் இப்பொழுது பூட்டினாலும் தாழ்வில்லை. ஆனால் பிட்லாக்கர் 'உபயோகித்த இடத்தை மட்டும் பூட்டவா, வட்டு முழுவதையுமா?' என்று கேட்கும். பழகிய வட்டுக்கு 'முழுவதும்' என்றே சொல்லுங்கள். இல்லாவிட்டால், முன்பு அழித்த கோப்புகளின் மிச்சம் பூட்டாத வெளியில் கிடக்கும். இன்னுமோர் எச்சரிக்கை: நிலையத்துக் கணினியை உங்கள் சொந்தக் கணக்கின் சாவியால் பூட்டி, அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டால், அங்குள்ளவர் திறக்க முடியாமல் உங்களை ஊரெல்லாம் தேடுவார்கள். அதையும் முன்னரே கணினிப் பிரிவுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

நீங்களே துடைக்கலாம் என்று அனுமதி கிடைத்தால் வழி எளிது. விண்டோஸ் 11-இல் அமைப்புகளுக்குள் 'ரெக்கவரி' என்ற பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதைத் தேர்ந்தபின் அவசரப்பட்டு அடுத்ததை அழுத்தக் கூடாது. 'அமைப்புகளை மாற்று' என்பதைத் திறந்து, 'கிளீன் டேட்டா' என்பதற்கு 'ஆம்' என்று கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் நூலகர் அட்டைகளை மட்டும் கிழிப்பார். கொடுத்தால் சில மணி நேரம் ஆகலாம். மின்கம்பியைச் செருகிவிட்டு மெஸ்ஸுக்குச் சென்று சாப்பிட்டு வாருங்கள். இது சாதாரண உபயோகத்துக்குப் போதுமானது, அரசாங்கத் தரத்துக்கு உரியதன்று என்று தயாரித்த மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. எனவே பிட்லாக்கரும் சேர்ந்திருந்தால் நலம். புதிய ஆப்பிள் மடிக்கணினிகளில், 2021-இல் வந்த மான்டரே பதிப்பு முதல், எல்லா உள்ளடக்கத்தையும் அமைப்புகளையும் அழிக்கும் ஒரே கட்டளை உண்டு. அது சாவியை அழிக்கும் முறையே. அதற்குமுன் 'ஃபைண்ட் மை' வசதியை நிறுத்தி, கணக்கிலிருந்து வெளியேறியிருக்க வேண்டும். இல்லையேல் அடுத்தவருக்குக் கணினி திறக்காது. லினக்ஸ் அறிந்தவர்களுக்கு வட்டின் உள்கட்டளையைத் தூண்டும் வழிகள் தெரிந்திருக்கும். பழைய 'ஷ்ரெட்' கட்டளையைத் திண்மநிலை வட்டில் நம்ப வேண்டாம் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

நிர்வாகி உரிமை இல்லாத கணினியாயின் நம்மால் ஆவது குறைவு. ஆயினும் ஒன்றுமில்லை என்பதன்று. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் யாவற்றையும் நீக்கலாம். கூகுள் கணக்கின் ஒத்திசைவை நிறுத்தாமல் கடவுச்சொற்களை நீக்கினால் உங்கள் கைப்பேசியிலும் அவை மறைந்துபோகும் என்பதை நினைவில் வையுங்கள். முதலில் ஒத்திசைவை நிறுத்துங்கள். 'டவுன்லோட்ஸ்' கோப்புறையைத் திறந்து பாருங்கள். நம் வாழ்க்கை வரலாறு முழுவதும் அங்கேதான் இருக்கும்: வங்கிக் கணக்கு அறிக்கை, தங்கையின் மதிப்பெண் பட்டியல், அப்பாவின் மருத்துவச் சீட்டு, ரயில் டிக்கெட். ஆதார் கடிதமும் அங்கே இருக்கும். அதற்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று சிலர் அசட்டையாக இருப்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அந்தக் கடவுச்சொல் என்பது ஊரறிந்த செய்தி. பெயரும் பிறந்த ஆண்டும் அதே கோப்புறையிலுள்ள பயோடேட்டாவில் இருக்கும்! சாவியைப் பூட்டின்மேலேயே தொங்கவிட்ட கதை இது. பார்த்த படங்களின் சிற்றுருவங்களை விண்டோஸ் தனியே சேமித்து வைக்கும். மூலப்படம் போனாலும் அவை நிற்கும். இவ்வளவையும் நீக்கியபின், முழுத் துடைப்பைத் தாங்களே செய்யும்படி கணினிப் பிரிவுக்கு எழுத்தில் வேண்டுகோள் கொடுங்கள். வாய்ச்சொல் போதாது, மேசைக்குப் பின்னால் இருப்பவர் அடுத்த மாதம் மாறிவிடலாம்.

கணினி கையைவிட்டுப் போனபின்னும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. இதைத்தான் மிகப்பலர் மறக்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் 'இணைத்த சாதனங்கள்' பட்டியலைத் திறந்து அந்தக் கணினியை நீக்குங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளிலும் சாதனப் பட்டியல் உண்டு, அங்கும் நீக்குங்கள். முக்கியக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். உள்ளே ஏதேனும் மிஞ்சியிருந்தாலும் பழைய சாவிக்குப் புதிய கதவு திறக்காது. ஊருக்குப் போகும் ரயில் கல்யாண் தாண்டுவதற்குள் இவ்வளவையும் கைப்பேசியிலேயே செய்து முடிக்கலாம்.

உயிர்போன கணினிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரை எரியாவிட்டால் 'செத்துவிட்டது' என்று சொல்லி அப்படியே கொடுத்துவிடுகிறோம். செத்தது தாய்ப்பலகையாக இருக்கலாம். வட்டு உயிரோடு இருக்கும். நம்முடைய சொந்தக் கணினியாயின், லேமிங்டன் ரோட்டுக் கடைக்கோ, குர்லாவிலும் தாராவியிலும் பழைய மின்சாமான் எடுப்பவரிடமோ போகும்முன் வட்டைத் தனியே கழற்றி வைத்துக்கொள்ளலாம். நான்கைந்து திருகாணிகளே வேலை. தாராவியில் பிளாஸ்டிக்கையும் செம்பையும் வகை பிரிக்கும் கைகளுள் தமிழர் கைகளும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது உலோகம். ஆனால் ஓடுகிற வட்டு உலோகத்தைவிட நல்ல விலைக்குப் போகும். அது அங்கிருந்து எந்தச் சந்தைக்குப் போகும் என்பதை அவர்களும் அறியமாட்டார்கள். இனி உபயோகமே இல்லாத வட்டைத் துளையிட்டோ நொறுக்கியோ கொடுப்பது அமெரிக்க வழிகாட்டியின் மூன்றாம் படியான 'நாசம் செய்தல்' என்பதன் எளிய உருவம். சுழலும் வட்டாயின் தட்டில் துளை விழ வேண்டும். திண்மநிலை வட்டாயின் ஒவ்வொரு சில்லும் உடைய வேண்டும். ஒன்று தப்பினாலும் அதில் உள்ளது தப்பும். மின்கலத்தின் பக்கம் மட்டும் துளையிடும் கருவியைக் கொண்டு போகாதீர்கள், லித்தியம் தீப்பற்றும்.

நிலையத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒப்படைப்புச் சீட்டில் மூன்று விவரங்களை எழுதச் சொல்லுங்கள்: கணினியின் வரிசை எண், கொடுத்த தேதி, வட்டு துடைக்கப்பட்டதா, துடைக்கப்பட வேண்டியதா என்பது. பெற்றவர் கையெழுத்தோடு அச்சீட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை, திருப்பிக் கொடுக்கும் கணினியில் மட்டும் சேமிக்காதீர்கள்.